லாரியின் பின் சக்கரம் பூட்டிக்கொள்வது ஏன்?

அய்யலூர்ப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்



வியாழக்கிழமைதோறும் அய்யலூரில் கூடும் ஆட்டுச் சந்தையும், இவ்வூர்த் தக்காளிச் சந்தையும் இப்பிரதேசத்துக் குடியானவர்களுக்கு எவ்வளவு முக்கியமானவை என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முற்காலத்தில் இரட்டை மாட்டு வண்டி செய்த வேலையை இன்று சிறு லாரிகள் செய்கின்றன. மாட்டு வண்டி வைத்திருந்த குடியானவர் மாட்டின் குளம்பையும், வண்டியின் கடையாணியையும், அச்சுக்கு இடும் மசகையும் தாமே பார்த்துக்கொண்டார். லாரி வந்த பிறகோ, அது டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் உரிய விஷயம் என்று விட்டுவிடுவதே வழக்கமாகிவிட்டது. இது சரியன்று. சங்கத்தின் லாரி அங்கத்தினர் அனைவருக்கும் சொந்தம். எல்லாருக்கும் சொந்தமான பொருள் எவரும் கவனியாத பொருளாகிவிடக் கூடாது. லாரியை வாடகைக்கு அமர்த்தும் சங்கத்துக்கும் இது பொருந்தும். ஏற்றிச் செல்லும் சரக்கும், உடன் செல்லும் மனிதரும் சங்கத்தைச் சேர்ந்தவர்களே அல்லவா?

லாரியில் உண்டாகும் கோளாறுகளுள் உயிருக்கும் பொருளுக்கும் ஒருங்கே கேடு விளைப்பது, பின் சக்கரங்களின் டிரம் பிரேக் இறுகிப் பூட்டிக்கொள்வதாகும். இதனைப் "பிரேக் ஜாம்" என்ற ஒரே பெயரால் எல்லாரும் குறிப்பிடுகின்றனர். ஆனால் அப்பெயருக்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிவதே இப்பிரசங்கத்தின் நோக்கம். பிரித்தறியாமல் சாமான்களை மாற்றிக்கொண்டே போனால், பணம் போகும், நோய் போகாது.

இரு நோய்கள்

முதல் நோய்: பெடலை மிதித்த மாத்திரத்தில், வேண்டிய அளவுக்கு மேல் பிடித்து, சக்கரம் சுழலாமல் நின்று, டயர் சாலையில் தேய்ந்துகொண்டு போவது. காலை எடுத்தால் சக்கரம் மீண்டும் சுழலும்.

இரண்டாம் நோய்: காலை எடுத்த பின்பும் பிரேக் விடாமல் பற்றிக்கொண்டிருப்பது. சக்கரம் கனமாகச் சுழலும், டிரம் சூடேறும், புகைந்த நாற்றம் வீசும், இறுதியில் வண்டி நகராமலே நின்றுவிடும்.

முன்னது பிடிப்பதில் உள்ள குற்றம். பின்னது விடுவதில் உள்ள குற்றம். டிரைவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "காலை எடுத்தால் விடுகிறதா, இல்லையா?" என்பதே.

டிரம் பிரேக் வேலை செய்யும் விதம்

1902-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லூயி ரெனோ என்பவர் அமைத்த டிரம் பிரேக்கின் அடிப்படை இன்றளவும் மாறவில்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்பு டிரம்முக்குள், பிறை வடிவமான இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. அவற்றின் முதுகில் லைனிங் பொருத்தப்பட்டிருக்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் குழாய் வழியே அழுந்திச் சென்று, சக்கரத்திலுள்ள வீல் சிலிண்டரை விரிக்கிறது. அது ஷூக்களை வெளிப்புறம் தள்ள, லைனிங் டிரம்மை உராய்ந்து நிறுத்துகிறது. காலை எடுத்ததும் ஸ்பிரிங்குகள் ஷூக்களை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஆயில் வந்த வழியே திரும்புகிறது.

டிரம் பிரேக்குக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. உருளும் வண்டிச் சக்கரத்துக்கு முன் ஒரு சிறு கட்டையைப் போட்டால், சக்கரமே அக்கட்டையைத் தன் அடியில் இழுத்துக்கொண்டு இறுகுகிறது. அதைப் போலவே, டிரம் சுழலும் திசையை நோக்கியிருக்கும் ஷூவை டிரம்மே தன்னிடம் இழுத்து இறுக்கிக்கொள்கிறது. சிறிது மிதித்தாலும் நன்றாகப் பிடிப்பது இக்குணத்தால்தான். ஆனால் லைனிங்கின் பற்றும் தன்மை சிறிதளவு மிகுந்தாலும், பிடிப்புப் பன்மடங்கு மிகுந்து பூட்டிக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

வெறும் வண்டியின் அபாயம்

பாரம் ஏற்றிச் செல்லும்போது ஒழுங்காக நிற்கும் லாரி, சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகையில் பின்புறம் வழுக்கி வால் வீசுவதைப் பலர் கண்டிருக்கலாம். இது வியப்பன்று. உதாரணமாக, ஒரு சிறு லாரியின் பின் அச்சின்மேல் பாரத்தோடு 1,900 கிலோவும், பாரமின்றி 500 கிலோவும் அழுந்துவதாகக் கொள்வோம். பிரேக் போட்டவுடன் வண்டியின் கனம் முன்புறம் சாய்வதால், அந்த 500-லும் ஒரு பங்கு குறைந்துபோகிறது. 1,900 கிலோவை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்ட பிரேக், அதில் நாலிலொரு பங்குகூட இல்லாத கனத்தின்மேல் அதே வேகத்தோடு பிடித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

சுழலும் சக்கரம் பக்கவாட்டில் வழுக்காமல் சாலையைப் பற்றிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்துக்கு அந்தப் பற்று இல்லை. ஆகவே பின் சக்கரங்கள் பூட்டிய லாரியின் பின்புறம் முன்புறத்தை முந்தப் பார்க்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சாலையில் அபாயம் இன்னும் அதிகம். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் லாரி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் சென்றுவிடும். யோசிப்பதற்கு அவகாசம் கிடையாது. அச்சமயத்தில் டிரைவர் செய்ய வேண்டுவது, பெடலைச் சற்றே தளர்த்திச் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, மறுபடியும் மெதுவாக மிதிப்பதாகும். சந்தையிலிருந்து திரும்பும் வெறும் லாரியின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றிவருவது சட்ட விரோதம் என்பதோடு, இக்காரணத்தால் பெரும் ஆபத்துமாகும்.

மிதித்தவுடன் பூட்டிக்கொள்ளும் நோய்

இதற்குக் காரணங்கள் பல. செலவில்லாத சோதனையில் தொடங்கிப் படிப்படியாக உள்ளே செல்லுதல் முறை.

முதலாவது, காலையில் முதல் இரண்டொரு முறை மட்டும் பிடித்து, பிறகு சரியாகிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். இரவுப் பனியாலும் மழையாலும் டிரம்மின் உட்புறத்தில் மெல்லிய துரு படர்வதுண்டு. அது சிறிது தூரத்தில் தேய்ந்துவிடும். அதற்காகச் செலவு செய்ய வேண்டுவதில்லை.

இரண்டாவது, முன் பிரேக்குகளைப் பார்க்க வேண்டும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். முன் பிரேக் தேய்ந்தோ செயலற்றோ இருந்தால், வண்டி நிற்கவில்லையே என்று டிரைவர் மேலும் அழுத்தி மிதிப்பார். அந்த அழுத்தம் முழுவதையும் பின் சக்கரம் ஏற்றுப் பூட்டிக்கொள்ளும். குற்றம் முன்னே இருக்க, தண்டனை பின்னே கிடைக்கிறது. பின் சக்கர டயர்கள் பட்டன் தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மூன்றாவது, பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கவும் கூட்டவும் சில லாரிகளில் பின் அச்சுக்கு அருகே ஒரு வால்வு உண்டு. வண்டியின் சட்டத்துக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியை ஒரு சிறு கம்பியால் அளந்து, இடைவெளி குறைந்தால் பாரம் இருக்கிறதென்றும், மிகுந்தால் பாரம் இல்லையென்றும் அது கொள்கிறது. கம்பி வளைந்தோ, வால்வு துருப்பிடித்துப் பார நிலையிலேயே நின்றோ போனால், வெறும் வண்டிக்கும் பாரவண்டியின் அழுத்தமே செல்லும். ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து தாழ்ந்தாலும் இதே விளைவு உண்டாகும். அதிகப் பாரம் ஏற்றுவதற்காகப் பட்டைகளைக் கூட்டி வண்டியை உயர்த்தினாலோ, வால்வு பாரமில்லை என்று ஏமாந்து, பாரமுள்ளபோதும் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டை வேலை செய்தபின் இவ்வால்வைச் சீர்செய்யாமல் வண்டியை எடுக்கலாகாது.

நான்காவது, பூட்டுவது ஒரு சக்கரமா, இரண்டுமா என்பதைச் சாலையில் விழும் டயர் கோட்டைக் கொண்டு அறிய வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் பூட்டுமானால் அந்த டிரம்மைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். பெரும்பாலும் அங்கே எண்ணெய்ப் பசை காணப்படும். எண்ணெய் பட்டால் லைனிங் வழுக்கும் என்றே எவரும் நினைப்பர். முழுவதும் நனைந்தால் வழுக்குவது உண்மையே. ஆனால் சிறிதளவு பட்டுச் சூட்டில் காய்ந்தால், அது பிசின்போல் ஒட்டிப் பிடிக்கும். டிரம்மின் இழுக்கும் குணமும் சேர்ந்து சக்கரத்தைப் பூட்டிவிடும்.

அந்த எண்ணெய் எது என்பதை அறிந்தால் அது வந்த வழியும் தெரியும். கெட்டியாகவும், கந்தக வாடையோடும் இருந்தால் அது கிரவுன் ஆயில். அச்சின் முனையிலுள்ள ஆயில் சீல் கெட்டிருக்கிறது. அச்சின் மேலுள்ள மூச்சுத் துவாரம் சேற்றால் அடைபட்டிருந்தாலும், உள்ளே சூட்டினால் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் மீறி எண்ணெய் கசியும். புதுச் சீல் போட்டும் மறுபடி கசிவதாகச் சொல்லப்படும் இடங்களில் முதலில் இந்தத் துவாரத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் நீர்த்திருந்து, வீல் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள்ளும் ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயில். சிலிண்டரைச் சீர்செய்ய வேண்டும். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலால் கழுவிப் போடுவது வீண். சூடேறினால் உள்ளே ஊறியது மீண்டும் வெளிவரும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடிப்பு ஏறுமாறாகும் ஆதலால், இரு பக்கத்து லைனிங்குகளையும் சேர்த்தே மாற்றுதல் முறை.

ஐந்தாவது, லைனிங் மாற்றிய பிறகே இந்நோய் தோன்றிற்று என்றால், ஷூக்கள் இடம் மாறியிருக்கலாம். சில வண்டிகளில் இரண்டு ஷூக்களின் லைனிங் நீளமும் வேறுபடும்; குட்டையானது முன்புறமும் நீளமானது பின்புறமும் அமைய வேண்டும். ஷூக்கள் சாய்ந்து நகரும் தகட்டில் தேய்மானத்தால் பள்ளம் விழுந்திருந்தால், ஷூ முதலில் சிக்கி நின்று, பிறகு திடீரென்று பாய்ந்து பிடிக்கும்.

காலை எடுத்தும் விடாத நோய்

இந்நோயைச் சூடு காட்டிக்கொடுக்கும். திருச்சி–திண்டுக்கல் நெடுஞ்சாலையில் அய்யலூருக்கு அருகிலுள்ள வண்டிக் கருப்பணசாமி கோவிலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுச் செல்லும் டிரைவர்கள் பலர். அங்கே நிற்கும் ஐந்து நிமிஷத்தில் வண்டியை ஒரு முறை சுற்றிவந்து, ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே புறங்கையைத் தொடாமல் காட்டிப் பார்த்தால் போதும். ஒரே அச்சின் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக வீசினால் அதன் பிரேக் விடவில்லை. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவேயில்லை, அதுவும் நோய்தான். சூடேறிய டிரம்மில் தண்ணீரை ஊற்றலாகாது, இரும்பு வெடித்துவிடும்.

காரணத்தைக் காணும் முறை வருமாறு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போட வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விட்டு, பின் அச்சை ஜாக்கியால் தூக்கி, அதன் கீழ் உறுதியான தாங்குகோல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் செல்லக் கூடாது. பிறகு பெடலை மிதித்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். சுழலவில்லையானால், அச்சக்கரத்தின் பின்னாலுள்ள, காற்று எடுக்கும் நிப்பிளைச் சிறிது தளர்த்த வேண்டும்.

ஆயில் பீறிட்டு, சக்கரம் உடனே விடுபட்டால், ஆயில் அழுத்தம் திரும்பிச் செல்ல வழியின்றி அடைபட்டிருக்கிறது என்பது நிச்சயம். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடுபடாவிட்டால், ஆயிலின்மேல் குற்றம் இல்லை. உள்ளே ஷூவோ, ஸ்பிரிங்கோ, ஹேண்ட் பிரேக் கேபிளோ, அட்ஜஸ்டரோ சிக்கியிருக்கிறது. இந்த ஒரு சோதனை வழியை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. இதைச் செய்யாமல் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவது, வயிற்று வலிக்கு நெற்றியில் பற்றுப் போடுவதை ஒக்கும்.

ஆயில் அடைபட்டதானால், அடைப்பு எங்கே என்று காண வேண்டும். மறுபடியும் மிதித்துப் பிடிக்கவிட்டு, இம்முறை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் குழாயின் நட்டைத் தளர்த்த வேண்டும். அப்போது சக்கரம் விடுபட்டால் குற்றம் மாஸ்டர் சிலிண்டரிலோ, அதைத் தள்ளும் கோலிலோ இருக்கிறது. அங்கே விடுபடாமல், சக்கரத்து நிப்பிளில் மட்டும் விடுபட்டால், இடையிலுள்ள ரப்பர் ஹோஸைச் சந்தேகிக்க வேண்டும். வெளிப்பார்வைக்கு நன்றாயிருக்கும் ஹோஸ், உட்புறம் உப்பி, மிதிக்கும்போது ஆயிலைப் போகவிட்டு, திரும்பும்போது தடுக்கும். சட்டத்திலிருந்து பின் அச்சுக்கு ஒரே ஹோஸ் செல்லும் வண்டிகளில், இரு பின் சக்கரங்களும் சேர்ந்தே இறுகுவது இதற்கு அறிகுறி.

மாஸ்டர் சிலிண்டரில் குண்டூசித் தலையளவான ஒரு துவாரம் உண்டு. காலை எடுத்ததும் ஆயில் அதன் வழியே தொட்டிக்குத் திரும்புகிறது. அழுக்கால் அது அடைபட்டாலும், பெடலுக்குச் சிறிதும் வெற்றாட்டம் இன்றித் தள்ளுகோல் சதா அழுத்திக்கொண்டிருந்தாலும், சூட்டினால் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இராது. காலையில் நன்றாகப் புறப்பட்டு, ஓட ஓட இறுகி, நிறுத்தி ஆறவிட்டால் தானே விட்டுவிடும் வண்டிக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பெடலின் வெற்றாட்டத்தைக் கையால் அழுத்திப் பார்த்தறியப் பைசாச் செலவில்லை.

பிரேக் ஆயில் தொட்டியில் எஞ்சின் ஆயிலையோ வேறு மண்ணெண்ணெய் வகையையோ ஊற்றிவிடுவது எல்லாவற்றிலும் பெரிய பிழை. அதனால் உள்ளிருக்கும் ரப்பர்கள் அனைத்தும் ஊதி, எல்லாச் சக்கரங்களும் இறுகும். அப்போது ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது. குழாய்களைக் கழுவி, ரப்பர் பாகங்கள் முழுவதையும் மாற்றியாக வேண்டும். எந்தச் சோதனையில் குழாயைத் திறந்தாலும், முடிவில் காற்றை முற்றிலும் வெளியேற்றி, ஆயிலை அளவுக்கு நிரப்பிய பிறகே வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும்.

காற்றுப் பிரேக் லாரிகள்

பெரிய லாரிகளில் ஆயிலுக்குப் பதிலாக அழுத்தப்பட்ட காற்று வேலை செய்கிறது. 1872-ஆம் ஆண்டு வாக்கில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரெயில் வண்டிகளுக்கு அமைத்த ஏற்பாட்டில், காற்று குறைந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். லாரியின் பின் சக்கரத்திலுள்ள ஸ்பிரிங் பிரேக்கும் இத்தத்துவத்தையே பின்பற்றுகிறது: காற்று இருக்கும்வரை ஸ்பிரிங் அடங்கியிருக்கும், காற்று குறைந்தால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பூட்டும். ஆகவே இத்தகைய லாரி பூட்டி நின்றால் முதலில் பார்க்க வேண்டியது காற்று மானியை. அழுத்தம் குறைந்திருந்தால் பிரேக் தன் கடமையைச் செய்திருக்கிறது. தேட வேண்டியது காற்றுக் கசிவை. ஸ்பிரிங் அடங்கியிருக்கும் அந்தக் கிண்ணத்தைப் பழக்கமில்லாதவர் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. அதற்குள்ளிருக்கும் ஸ்பிரிங் பாய்ந்தால் உயிர்ச்சேதம் விளையும்.

இந்தியாவில் 2015-ஆம் ஆண்டு முதல் கனரக லாரிகளுக்கு ஏ.பி.எஸ். என்னும் பூட்டுத் தடுப்பு ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. சக்கரம் பூட்டப்போவதை அறிந்து, அது பிரேக்கைத் தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கச் செய்கிறது. எனினும் பழைய லாரிகளுக்கும், சிறு லாரிகள் பலவற்றுக்கும் அப்பாதுகாப்பு இல்லை. எண்ணெய் ஊறிய லைனிங்கையும் சிக்கிய கேபிளையும் அது குணப்படுத்தவும் மாட்டாது.

சங்கம் செய்ய வேண்டுவன

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே படிந்த தூசியை ஊதலாகாது. காற்றுக் குழாயால் அடிக்கவும் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைத்து அப்புறப்படுத்துவதே நலம்.

லாரிக்கென்று ஒரு நோட்டுப் புஸ்தகம் வைக்க வேண்டும். எந்தத் தேதியில், பாரத்தோடா வெறும் வண்டியாகவா, மழையிலா வெயிலிலா, எந்தச் சக்கரம் இறுகியது, காலை எடுத்ததும் விட்டதா என்ற ஐந்து விவரங்களையும் டிரைவர் அதில் எழுதட்டும்; எழுத இயலாதவர் காரியதரிசியிடம் சொல்லி எழுதுவிக்கலாம். பட்டறைக்கு லாரியை அனுப்பும்போது "பிரேக் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், இக்குறிப்பையும் உடன் அனுப்ப வேண்டும். நோயாளி தன் நோயைச் சொன்னால்தானே வைத்தியர் மருந்து கொடுக்க முடியும்?

பட்டறை ரசீதைப் பாஸ் செய்யுமுன் பஞ்சாயத்தார் மூன்று கேள்விகள் கேட்கலாம். கண்ட காரணம் என்ன? எந்தச் சோதனையால் அது நிச்சயமாயிற்று? கழற்றிய பழைய சாமான் எங்கே? நேர்மையான மெக்கானிக் இக்கேள்விகளால் மனம் வருந்தமாட்டார். தம் திறமையை மதிப்பவர்கள் இருக்கின்றனர் என்று மகிழ்வார். லைனிங்கை மாற்றியும் மறுமாதமே அதே சக்கரம் பூட்டினால், லைனிங் கெட்டதற்குக் காரணமான கசிவு இன்னும் அடைபடவில்லை என்பது நோட்டுப் புஸ்தகத்தைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும்.

சரக்கு ஏற்றிய லாரி வழியில் நின்றால், பறித்த தக்காளி வெயிலில் கனிந்து வீணாகும். அந்த நஷ்டம் ஒருவருடையதன்று, அன்று பெட்டி ஏற்றிய ஒவ்வொரு குடும்பத்தினுடையதுமாகும். வெறும் லாரி மழைச் சாலையில் வால் வீசினாலோ, நஷ்டத்தை ரூபாயில் கணக்கிடுவதற்கில்லை. இவ்விரண்டையும் தடுப்பதற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை, "காலை எடுத்தால் விடுகிறதா?" என்ற கேள்வியும், சக்கரங்களைச் சுற்றிவந்து பார்க்கும் ஐந்து நிமிஷமும், நிப்பிளைத் தளர்த்திப் பார்க்கும் பொறுமையும் போதும். அடுத்த வியாழக்கிழமைச் சந்தைக்கு லாரி புறப்படுமுன் அங்கத்தினர்கள் இவற்றைச் செய்து பார்ப்பார்களாக.